மரண வாசலில் மகிழ்ச்சி!

கைக்குழந்தையோடு சிறை சென்ற ஓர் இளம் தாயின் வரலாறு

அவளுக்கு வயது 22. நல்ல குடும்பத்தில் பிறந்தவள். நன்றாகப் படித்தவள். கையில் பால் குடிக்கும் ஆண் குழந்தை.

அவளுக்கு மரண தண்டனை! காட்டு மிருகங்களின் முன்னே தள்ளிக் கொல்ல வேண்டும் என்று தீர்ப்பு.

தீர்ப்பைக் கேட்டு அவள் மயங்கி விழவில்லை. மகிழ்ச்சியோடு சிறைக்குத் திரும்பினாள். கூட இருந்தவர்களும் அப்படியே திரும்பினார்கள்.

இது கட்டுக்கதை அல்ல. 1,800 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. தனக்கு நேர்ந்ததைச் சிறையில் இருந்தபடியே அவள் எழுதி வைத்தாள். அந்தக் குறிப்பு இன்றும் இருக்கிறது.

அவள் பெயர் பெர்பெத்துவா.

சாகப் போகிறவளுக்கு மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது? அவள் கல் நெஞ்சக்காரியா? பெற்ற பிள்ளையை மறந்தவளா?

இல்லை. அவள் பயந்தாள். அப்பாவுக்காக வருந்தினாள். குழந்தைக்காகத் துடித்தாள். அத்தனைக்கும் நடுவில்தான் மகிழ்ந்தாள்!

கடலோர நகரம்

ஆப்பிரிக்காவின் வடக்குக் கரையில் இருக்கிறது துனிசியா நாடு. அதன் தலைநகருக்குப் பக்கத்தில், கடலோரத்தில் இருந்த பெரிய நகரம் கார்த்தேஜ். அந்தக் காலத்தில் அது ரோமாபுரிப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. ஆப்பிரிக்காவில் விளைந்த தானியம் கப்பல் கப்பலாக ரோமாபுரிக்குப் போகும்.

கி.பி. 203-ம் ஆண்டு. செப்டிமியஸ் செவரஸ் சக்கரவர்த்தியாக இருந்தார். அவரும் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்தான்.

ரோம அரசில் பல தெய்வங்கள் உண்டு. ஊருக்கு ஒரு தெய்வம் இருந்தாலும், வீட்டுக்கு ஒரு தெய்வம் இருந்தாலும் அரசாங்கம் கவலைப்படாது. ஆனால் சக்கரவர்த்தியின் நலனுக்காகப் பலி செலுத்தச் சொன்னால், செலுத்தியாக வேண்டும். மறுத்தால் அரசாங்கத்துக்கு விரோதி என்று பொருள்.

கிறிஸ்தவர்கள் மறுத்தார்கள். "சக்கரவர்த்திக்காகக் கடவுளிடம் ஜெபம் செய்வோம். ஆனால் வேறு தெய்வங்களுக்குப் பலி செலுத்த மாட்டோம்" என்பது அவர்கள் நிலை.

அதனால் "நான் கிறிஸ்தவன்" என்று சொல்வதே குற்றமாகிவிட்டது. திருட வேண்டாம், கொலை செய்ய வேண்டாம். அந்த ஒரு சொல் போதும், உயிர் போய்விடும்!

ஐந்து பேர் கைது

கார்த்தேஜ் சிறைக்கு வந்தவர்கள் முதலில் ஐந்து பேர். எல்லோரும் இளம் வயதினர். கிறிஸ்தவ மார்க்கத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்தவர்கள்.

அவர்களில் இரண்டு பேர் பெண்கள். ஒருத்தி பெர்பெத்துவா. மற்றொருத்தி பெலிசித்தா. பெர்பெத்துவா பெரிய வீட்டுப் பெண். பெலிசித்தாவோ அடிமை. நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்த கர்ப்பிணி.

மற்ற மூவர் ஆண்கள். ரெவொக்காத்துஸ் என்பவனும் அடிமைதான். சதுர்னினுஸ், செக்குந்துலுஸ் என்பவர்கள் மற்ற இருவர். இவர்களில் செக்குந்துலுஸ் சிறையிலேயே இறந்துபோனான்.

இவர்களுக்கு வேதம் கற்றுக்கொடுத்தவர் சதுருஸ். கைது நடந்தபோது அவர் அங்கே இல்லை. தப்பித்துப் போயிருக்கலாம். போகவில்லை! மாணவர்கள் சிறையில் இருக்கும்போது ஆசிரியர் வெளியே இருப்பதா என்று நினைத்தாரோ என்னவோ, தாமாகவே வந்து சரண் அடைந்தார். ஆறாவது ஆள் ஆனார்.

பாத்திரத்தைக் காட்டினாள்

முதல் சில நாட்கள் சாதாரணக் காவல்தான். பெர்பெத்துவாவின் தந்தை ஓடி வந்தார். அவர் கிறிஸ்தவர் அல்ல. பிள்ளைகளில் மகள்தான் அவருக்கு உயிர். மனதை மாற்றிக்கொள்ளும்படி கெஞ்சினார்.

அங்கே ஒரு தண்ணீர்ப் பாத்திரம் இருந்தது. மகள் அதைக் காட்டினாள். இதை வேறு பெயர் சொல்லி அழைக்க முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றார் தந்தை. நானும் அப்படித்தான், நான் எதுவோ அதைத்தான் சொல்ல முடியும், நான் கிறிஸ்தவள் என்றாள் மகள்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் தந்தைக்கு ஆத்திரம் பொங்கியது. கண்ணைப் பிடுங்கிவிடுவார் போல் பாய்ந்தார். ஆனால் பிறகு சோர்ந்து திரும்பிப் போய்விட்டார்.

அவர் சில நாட்கள் வராமல் இருந்தது ஆறுதலாக இருந்தது என்று பெர்பெத்துவா மறைக்காமல் எழுதியிருக்கிறாள். அந்தச் சமயத்தில்தான் அவள் ஞானஸ்நானம் பெற்றாள்.

இருட்டறை

பிறகு எல்லோரையும் சிறையில் அடைத்தார்கள்.

பெர்பெத்துவா அதற்கு முன் அப்படி ஓர் இருட்டைப் பார்த்ததே இல்லை. கூட்ட நெரிசல். மூச்சு முட்டும் புழுக்கம். பணம் பறிக்கும் சிப்பாய்கள். அவள் பயந்து போனாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை, குழந்தை! அது பால் இல்லாமல் துவண்டுகொண்டிருந்தது.

இந்த இடத்தில் அவள் குறிப்பில் மகிழ்ச்சி என்ற பேச்சே இல்லை. துன்பம்தான் இருக்கிறது. சிறைக்குள் நுழைந்தவுடனே சிரித்தாள் என்று அவள் எழுதவில்லை. மகிழ்ச்சி பிறகுதான் வந்தது. அதுவும் ஒரு சிறு வழியாக வந்தது.

தெர்சியுஸ், பொம்போனியுஸ் என்று இரண்டு திருத்தொண்டர்கள் இருந்தார்கள். சபையில் ஏழை எளியவர்களுக்குப் பணிவிடை செய்பவர்கள் அவர்கள். சிறைக் காவலர்களுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். கைதிகளைச் சில மணி நேரம் காற்றோட்டமான இடத்தில் விடும்படி ஏற்பாடு செய்தார்கள்.

அங்கே பெர்பெத்துவா குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அம்மாவோடு பேசினாள். சகோதரனுக்குத் தைரியம் சொன்னாள். பிறகு குழந்தையைத் தன்னோடு சிறையிலேயே வைத்துக்கொள்ள அனுமதியும் வாங்கிவிட்டாள்.

அவ்வளவுதான். குழந்தை தேறியது. தாயும் தேறினாள். அந்த இருட்டுச் சிறையே அவளுக்கு மாளிகையாகிவிட்டது!

தந்தையின் கண்ணீர்

விசாரணை நெருங்கியது. தந்தை மறுபடியும் வந்தார்.

இந்தத் தடவை கோபம் இல்லை. கவலையால் உருக்குலைந்திருந்தார். மகளின் கையை முத்தமிட்டார். அவள் காலில் விழுந்தார். மகளே என்றுகூட அவர் அழைக்கவில்லை. சீமாட்டியை அழைப்பது போல மரியாதையாக அழைத்தார்.

என் நரைத்த தலையைப் பார், உன் சகோதரர்களைப் பார், உன் தாயைப் பார், நீ இல்லாமல் பிழைக்க முடியாத உன் குழந்தையைப் பார் என்று அழுதார்.

ஒரு தந்தை காலில் விழுந்தால் எந்த மகளால் தாங்க முடியும்?

பெர்பெத்துவாவுக்கு நெஞ்சு வலித்தது. கடவுள் விரும்புகிறபடி நடக்கும் என்று சொல்லி அவரைத் தேற்றப் பார்த்தாள். அவர் தேறவில்லை. கண்ணீரோடு போனார்.

குடும்பத்தில் எல்லோருக்குள்ளும் தன் சாவில் ஆறுதல் காண முடியாதவர் அவர் ஒருவர்தான் என்று அவள் வருந்தினாள்.

தீர்ப்பு

ஒரு நாள் பகல் உணவின்போது திடீரென்று அழைப்பு வந்தது. எல்லோரையும் ஊர்ச் சதுக்கத்துக்கு இழுத்துப் போனார்கள். செய்தி பரவி, பெரும் கூட்டம் கூடிவிட்டது.

ஹிலாரியானுஸ் என்ற அதிகாரி விசாரித்தார். மாகாண ஆளுநர் இறந்துபோனதால் அவருக்குப் பதிலாக இருந்தவர் அவர்.

மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தாங்கள் கிறிஸ்தவர்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். பெர்பெத்துவாவின் முறை வந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு தந்தை வந்தார். கையில் குழந்தை! மகளைப் படியிலிருந்து கீழே இழுத்தார். குழந்தைக்கு இரக்கம் காட்டு என்று கெஞ்சினார்.

அதிகாரியும் அதையே சொன்னார். தந்தையின் நரையைப் பார், குழந்தையின் பிஞ்சு வயதைப் பார், சக்கரவர்த்திக்காகப் பலி செலுத்து என்றார்.

பெர்பெத்துவா மறுத்தாள். நீ கிறிஸ்தவளா என்று அதிகாரி கேட்டார். ஆம் என்றாள்.

தந்தை மறுபடி குறுக்கே வந்தார். அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. அவரைக் கீழே தள்ளச் சொன்னார். பிரம்படி விழுந்தது.

அந்த அடி தன் மேல் விழுந்ததுபோல் மகள் துடித்தாள். அவருடைய முதுமையை நினைத்து வருந்தினாள்.

பிறகு தீர்ப்பு சொன்னார்கள். எல்லோரையும் மிருகங்களுக்குப் போட வேண்டும்!

அப்போதுதான் அவர்கள் மகிழ்ச்சியோடு சிறைக்குத் திரும்பினார்கள். தந்தைக்காகத் துடித்ததும் அதே நாளில்தான். சாவை எண்ணி மகிழ்ந்ததும் அதே நாளில்தான். இரண்டையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிறாள்.

சிறைக்கு வந்ததும் குழந்தையைக் கேட்டு ஆள் அனுப்பினாள். தந்தை கொடுக்க மறுத்துவிட்டார். ஆனால் அதன் பிறகு குழந்தை பாலுக்கு அழவில்லை. தாய்க்கும் பால் கட்டி வேதனை ஏற்படவில்லை. அதைக் கடவுளின் கருணை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

கனவில் ஏணி

சிறையில் பெர்பெத்துவா கனவுகள் கண்டாள். அவற்றையும் எழுதி வைத்திருக்கிறாள்.

ஒரு கனவில் வானத்தைத் தொடும் வெண்கல ஏணி. இரண்டு பக்கமும் வாளும் ஈட்டியும் கொக்கிகளும். அடியில் ஒரு பெரிய பாம்பு. முதலில் சதுருஸ் ஏறினார். மேலே போய்த் திரும்பிப் பார்த்து அவளை அழைத்தார். அவள் பாம்பின் தலையையே முதல் படியாக மிதித்து ஏறினாள். மேலே ஒரு பெரிய தோட்டம். ஆட்டுப் பால் கறந்துகொண்டிருந்த வெண்தலை மேய்ப்பர் ஒருவர் அவளை அன்போடு வரவேற்றார்.

கண் விழித்ததும் முடிவு என்ன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

இன்னொரு கனவில் இறந்துபோன தம்பி வந்தான். அவன் பெயர் தினோக்கிராத்தெஸ். ஏழு வயதில் முகத்தில் புற்று வந்து இறந்தவன். தாகத்தால் தவித்தான். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு உயரத்தில் இருந்தது. அவனுக்கு எட்டவில்லை. அக்காள் அவனுக்காக அழுது ஜெபித்தாள். பிறகு வந்த கனவில் விளிம்பு தாழ்ந்திருந்தது. தம்பி ஆசை தீரக் குடித்துவிட்டு, குழந்தைகளுக்கே உரிய உற்சாகத்தோடு விளையாடப் போனான்.

தான் சாகக் காத்திருக்கும் நேரத்திலும், செத்துப்போன தம்பியின் தாகம் தணிந்ததே என்று மகிழ்ந்தவள் அவள்!

பெலிசித்தாவின் கவலை

பெலிசித்தாவுக்கு எட்டு மாதம். அவளுக்கு ஒரு விசித்திரமான கவலை வந்தது.

கர்ப்பிணிக்கு மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்பது ரோமச் சட்டம். தோழர்கள் எல்லோரும் முன்னால் போய்விடுவார்கள். அவளைக் குழந்தை பிறந்த பிறகு, கொலைகாரர்களோடும் கொள்ளைக்காரர்களோடும் சேர்த்துக் கொல்வார்கள். தனியாகச் சாக வேண்டுமே என்று அவள் வருந்தினாள். இவளைத் தனியே விட்டுப் போகிறோமே என்று மற்றவர்களும் வருந்தினார்கள்.

காட்சி நடக்க இன்னும் இரண்டு நாட்கள். எல்லோரும் சேர்ந்து ஜெபம் செய்தார்கள். முடித்த உடனே அவளுக்கு வலி கண்டது.

எட்டாம் மாதப் பிரசவம். வேதனை அதிகம். அவள் கதறினாள்.

அதைக் கேட்டு ஒரு காவலாள் கேலி செய்தான். இதற்கே இப்படி அழுகிறாயே, நாளைக்கு மிருகங்கள் முன்னால் என்ன செய்வாய் என்றான்.

பெலிசித்தா பெரிய வீட்டுப் பெண் அல்ல. அடிமை. ஆனால் அவள் சொன்ன பதிலை உலகம் இன்னும் மறக்கவில்லை. இப்போது படும் வேதனையை நான் ஒருத்தியே படுகிறேன், அங்கே எனக்குள் இன்னொருவர் இருந்து எனக்காகத் தாங்கிக்கொள்வார், நான் அவருக்காகப் பாடுபடுகிறபடியால் என்பதுதான் அதன் பொருள்.

பிறந்தது பெண் குழந்தை. கிறிஸ்தவப் பெண் ஒருத்தி அதை வாங்கிப் போய்த் தன் மகளாகவே வளர்த்தாள்.

அதிகாரி நாணினார்

சிறையின் பெரிய அதிகாரிக்கு ஒரு பயம். இந்தக் கைதிகள் மந்திரம் போட்டுத் தப்பித்துவிடுவார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அதனால் கொடுமை அதிகமாயிற்று. சாப்பாடும் குறைந்தது.

பெர்பெத்துவா நேராக அவரிடமே கேட்டுவிட்டாள்.

விஷயம் இதுதான். சக்கரவர்த்தியின் மகன் கெட்டாவின் பிறந்தநாளுக்காகத்தான் இந்தக் காட்சி. நாங்கள் இளவரசர் பிறந்தநாளுக்குச் சாகப் போகிறவர்கள். எவ்வளவு பெரிய கைதிகள்! எங்களை வாடி வதங்கிய உருவமாக அங்கே நிறுத்தினால் உமக்குத்தானே அவமானம் என்று அவள் கேட்டாள்.

அதிகாரி திடுக்கிட்டார். வெட்கத்தால் முகம் சிவந்தது. உடனே கைதிகளை நல்லபடியாக நடத்தும்படி உத்தரவு போட்டார். உறவினர்கள் வந்து பார்க்கவும், சேர்ந்து சாப்பிடவும் அனுமதி கிடைத்தது.

சாகப் போகிறவள் செய்த வேடிக்கை இது!

சிறையை நேரடியாகக் கவனித்துவந்தவர் புதென்ஸ் என்ற சிப்பாய்த் தலைவர். அவர் முன்பே இவர்களிடம் மதிப்பு வைத்திருந்தார். இவர்களிடம் ஏதோ பெரிய சக்தி இருக்கிறது என்று நினைத்தார். கடைசியில் அவரும் அவர்களுடைய விசுவாசத்தை ஏற்றுக்கொண்டார். காவல் காத்தவரே தோழர் ஆகிவிட்டார்!

கடைசி விருந்து

சாகும் கைதிகளுக்கு முந்தின நாள் ஒரு விருந்து கொடுப்பது ரோமர் வழக்கம். எல்லோரும் பார்க்கும்படி அந்த விருந்து நடக்கும். இவர்கள் அதை அன்பின் விருந்தாக மாற்றிக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் பகிர்ந்து சாப்பிட்டார்கள்.

வேடிக்கை பார்க்க ஜனங்கள் குவிந்தார்கள். சதுருஸ் சிரித்துக்கொண்டே அவர்களைக் கேட்டார். நாளைக்குப் பார்ப்பது போதாதா, சரி, எங்கள் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த நாளில் அடையாளம் தெரிய வேண்டுமே என்றார்.

கேலி செய்ய வந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். பலர் அன்றே கிறிஸ்தவர்கள் ஆனார்கள்.

முந்தின நாள் வரை நடந்ததை எழுதிவிட்டு, பெர்பெத்துவா எழுதுகோலை வைத்துவிட்டாள். காட்சியில் நடப்பதை விருப்பம் உள்ளவர்கள் எழுதட்டும் என்று முடித்துவிட்டாள். கண்ணால் கண்டது போல அதை இன்னொருவர் எழுதி முடித்தார்.

அரங்கம்

கி.பி. 203, மார்ச் 7.

சிறையிலிருந்து அரங்கத்துக்கு நடந்தார்கள். கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் முகம் மலர்ந்திருந்தது. பெர்பெத்துவா பின்னால் நடந்தாள். அவள் பார்வையைத் தாங்க முடியாமல் ஜனங்கள் கண்ணைத் தாழ்த்தினார்கள். பெலிசித்தா, பிரசவம் முடிந்து சில நாட்களே ஆனவள், தோழர்களோடு சேர்ந்தே போகிறோம் என்று மகிழ்ந்தாள்.

வாசலில் ஒரு தடை. ஆண்களும் பெண்களும் ரோம தெய்வங்களின் பூசாரிகளைப்போல் வேஷம் போட வேண்டும் என்றார்கள். பெர்பெத்துவா மறுத்தாள். அந்த வேஷம் போடக் கூடாது என்பதற்காகத்தானே உயிரையே கொடுக்கிறோம் என்று வாதாடினாள். நியாயம் என்று பட்டது அதிகாரிக்கு. அப்படியே போகலாம் என்று விட்டுவிட்டார்.

பெர்பெத்துவா சங்கீதம் பாடிக்கொண்டே உள்ளே போனாள்.

ஆண்களுக்கு எதிராகச் சிறுத்தை, கரடி, காட்டுப்பன்றி என்று விட்டார்கள். சதுருஸைக் கட்டிய காட்டுப்பன்றி அவரை ஒன்றும் செய்யாமல், கட்டிவிட்ட வேட்டைக்காரனையே குத்தியது. கரடியோ கூண்டை விட்டு வெளியே வரவே இல்லை.

பெண்களுக்கு முரட்டுப் பசு ஒன்றைத் தயாராக வைத்திருந்தார்கள். இருவரையும் வலையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். ஒருத்தி மென்மையான இளம் பெண். இன்னொருத்தி பிள்ளை பெற்ற உடம்பு. அதைப் பார்த்துக் கூட்டமே கூசியது. இருவரையும் திருப்பி அழைத்துப் போய் அங்கி உடுத்திக் கொண்டுவந்தார்கள்.

பசு முட்டியது. பெர்பெத்துவா தூக்கி எறியப்பட்டாள். எழுந்து உட்கார்ந்தாள். கிழிந்த அங்கியை இழுத்து மூடிக்கொண்டாள். அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டாள். தலைவிரி கோலம் துக்கத்துக்கு அடையாளம். தன் மகிமையின் நேரத்தில் துக்கம் காக்கிறவளாகத் தெரியக் கூடாது என்பது அவள் எண்ணம்!

பிறகு சுற்றிலும் பார்த்தாள். பெலிசித்தா கீழே நசுங்கிக் கிடந்தாள். போய்க் கைகொடுத்துத் தூக்கினாள். இருவரும் சேர்ந்து நின்றார்கள். பெரிய வீட்டுப் பெண்ணும் அடிமைப் பெண்ணும், கையோடு கை!

கூட்டம் இளகியது. இருவரையும் உயிர்வாசல் என்ற வாசல் வழியாக வெளியே அழைத்தார்கள். அங்கே நின்ற சகோதரனிடம், விசுவாசத்தில் உறுதியாக இருங்கள், ஒருவரை ஒருவர் நேசியுங்கள், எங்கள் பாடுகளைப் பார்த்துத் தளர்ந்துவிடாதீர்கள் என்று பெர்பெத்துவா சொன்னாள்.

மற்றொரு வாசலில் சதுருஸ் புதென்ஸோடு பேசிக்கொண்டிருந்தார். ஒரு சிறுத்தை பாய்ந்தது. ஒரே கடி. உடல் முழுவதும் இரத்தம். அவர் புதென்ஸின் விரலில் இருந்த மோதிரத்தைக் கேட்டு வாங்கினார். தன் காயத்தில் தோய்த்து, நினைவாக வைத்துக்கொள்ளும்படி திருப்பிக் கொடுத்தார்.

முடிவாக எல்லோரையும் வாளால் வெட்ட வேண்டும். கூட்டம் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கத்தியது. அவர்கள் யாரும் இழுக்காமலே எழுந்து அங்கே வந்தார்கள். ஒருவரை ஒருவர் சமாதான முத்தம் செய்துகொண்டார்கள்.

பெர்பெத்துவாவை வெட்ட வந்தவன் புதியவன். கை நடுங்கியது. முதல் வெட்டு எலும்பில் பட்டது. வலி தாங்காமல் அவள் கதறினாள். பிறகு அவன் கையைத் தானே பிடித்துத் தன் கழுத்துக்கு வழிகாட்டினாள்.

அந்த மகிழ்ச்சி எது?

கிறிஸ்தவ வேதத்தில் இது புதிய போதனை அல்ல. நீதிக்காகத் துன்பப்படுத்தப்படுகிறவர்கள் பாக்கியசாலிகள், அவர்கள் மகிழ்ந்து களிகூர வேண்டும் என்று இயேசு மலைப் பிரசங்கத்தில் சொன்னார். அடிபட்ட அப்போஸ்தலர்கள் மகிழ்ச்சியோடு வெளியே போனார்கள். பவுலும் சீலாவும் பிலிப்பி சிறையில் நடுராத்திரியில் பாட்டுப் பாடினார்கள்.

ஆனால் போதனை புத்தகத்தில் இருப்பது வேறு. 22 வயது தாயின் வாழ்க்கையில் இறங்குவது வேறு.

அவளுடைய மகிழ்ச்சி வலி இல்லாத மகிழ்ச்சி அல்ல. கடைசி வெட்டில்கூட அவள் கதறினாள். பெலிசித்தாவும் பிரசவ வலியில் கதறினாள். பயமும் உண்டு, பாசமும் உண்டு, கண்ணீரும் உண்டு. அவர்கள் உயிரை வெறுத்து மகிழவில்லை. உயிரைவிடப் பெரிய ஒருவர் தங்களோடு இருக்கிறார் என்று நம்பி மகிழ்ந்தார்கள்.

மகிழ்ச்சி தனியாக வரவும் இல்லை. பணம் கொடுத்துக் காற்று வாங்கித் தந்த திருத்தொண்டர்கள், குழந்தையைப் பார்த்துக்கொண்ட தாய், தாமாக வந்து சேர்ந்த ஆசிரியர், அடிமையின் குழந்தையை வளர்த்த பெண். இத்தனை கைகள் சேர்ந்துதான் அந்தச் சிறையில் சிரிப்பைத் தாங்கிப் பிடித்தன.

தந்தையின் துக்கம் மட்டும் கடைசிவரை தீரவில்லை. கடைசித் தடவை வந்தபோது தாடியைப் பிய்த்துக்கொண்டு தரையில் குப்புற விழுந்து புலம்பினார். அவர் மகளுக்கு விரோதி அல்ல. அவர் பாசத்திலும் குறை இல்லை. அவரைப் பழிக்காமல், அவருக்காக நெஞ்சு நொந்துதான் மகள் எழுதியிருக்கிறாள்.

கல்லில் எழுதிய பெயர்கள்

மறைந்தவர்களைச் சபை மறக்கவில்லை. ஆண்டுதோறும் மார்ச் 7-ந் தேதி அவர்களுடைய வரலாற்றைக் கோவில்களில் படித்தார்கள். இரு நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, ஆப்பிரிக்காவின் புகழ்பெற்ற ஆயர் அகுஸ்தீனார் அவர்களைப் பற்றிப் பிரசங்கம் செய்தார்.

அவர் ஓர் அழகான விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். லத்தீன் மொழியில் பெர்பெத்துவா என்றால் நித்தியமானது என்று பொருள். பெலிசித்தா என்றால் பேரின்பம். இரண்டு பெயரையும் சேர்த்தால், நித்திய பேரின்பம்!

பெர்பெத்துவாவின் குறிப்பு லத்தீன் மொழியில் பிழைத்துக் கிடந்தது. 17-ம் நூற்றாண்டில் இத்தாலியில் மொந்தே கசீனோ மடத்தில் ஒரு பிரதி கிடைத்தது. 1889-ம் ஆண்டு ஜெருசலேமில் கிரேக்க மொழிப் பிரதியும் கிடைத்தது. கிறிஸ்தவப் பெண் ஒருத்தி தன் கைப்பட எழுதி, இன்றுவரை மிஞ்சியிருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் அது ஒன்று.

கார்த்தேஜ் நகரம் அழிந்து போயிற்று. அந்த அரங்கத்தின் அடிச்சுவடு மட்டும் இன்று தரையோடு தரையாகத் தெரிகிறது. பிறந்தநாள் கொண்டாடிய இளவரசர் கெட்டா, கி.பி. 211-ம் ஆண்டு, தன் சொந்த அண்ணன் ஏற்பாட்டிலேயே கொல்லப்பட்டார்.

1907-ம் ஆண்டு அங்கே பழைய கோவில் ஒன்றின் இடிபாடுகளைத் தோண்டினார்கள். எழுத்து வெட்டிய கல் ஒன்று துண்டு துண்டாகக் கிடைத்தது. சேர்த்துப் பார்த்தார்கள். சதுருஸ், சதுர்னினுஸ், ரெவொக்காத்துஸ், செக்குந்துலுஸ் என்ற பெயர்கள் இருந்தன. அவற்றுக்குப் பின்னே அந்த இரண்டு தாய்மாரின் பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

முதலில் பெலிசித்தா. அடுத்து பெர்பெத்துவா.

அடிமையின் பெயர்தான் முன்னால் இருந்தது!